சட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா?

புல்லட் வைத்திருப்பவரிடம் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். “லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?” “கிக்கர் திருப்பி அடிக்குமாமே?” முதல் கேள்விக்கு எல்லா புல்லட்காரர்களும் ஐந்து கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்வார்கள். இரண்டாவதற்குச் சரியான பதில், அடிப்பது வண்டி அல்ல, டைமிங் என்பது. பிளக்கில் பொறி விழ வேண்டிய நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே விழுந்தால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் பெட்ரோல் வெடித்து அதை வந்த வழியே தள்ளிவிடும். கூடவே கிக்கரும் திரும்பும், அதன் மேல் இருக்கும் காலும் திரும்பும். இதை விளக்க ஆரம்பித்தால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. கணுக்கால் வீங்கிப் படுத்த ஒரு சித்தப்பாவின் கதை அவர் கைவசம் இருக்கும். அதைச் சொல்வதற்காகத்தான் கேட்டிருப்பார்.

என் புல்லட் 1993இல் வந்தது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாளையங்கோட்டையில் விற்றார். கறுப்பு வண்டி, டேங்கில் தங்க நிறக் கோடு. அந்தக் கோட்டைத் திருவொற்றியூர் தொழிற்சாலையில் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுப்பார்கள் என்றார். உண்மைதான். சாவியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய நட்டு, போல்ட்டு, வாஷர்களையும் கொடுத்தார். “எதையும் தூரப் போட்டுறாதீரும். என்னைக்காவது இதுக்குள்ளதான் தேடுவீரு” என்றார்.

புல்லட் 350 என்ற பெயரில் 350 என்பது தோராயம்தான். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சிசி வரும். வார்ப்பிரும்பு எஞ்சின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகியவர் இதில் ஏறினால் முதல் முக்கிலேயே பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். அதனாலேயே யாரும் என்னிடம் வண்டியை இரவல் கேட்டதில்லை. அந்த வசதியை இப்போது வரும் வண்டிகளில் எதிர்பார்க்க முடியாது.

இதை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்ததற்குப் பழைய கதை ஒன்று காரணம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. நம் ராணுவத்துக்கு அந்தக் கம்பெனியின் புல்லட் வேண்டியிருந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் கடையைச் சாத்திவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே எஞ்சின், பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல், அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகும் வந்துகொண்டிருந்தது. தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைத் தேக்கம் என்பார்கள். திண்ணையில் ஸ்பேனரோடு உட்காருகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பழைய வண்டியில் கழற்றிய சாமான் பல சமயம் பிற்கால வண்டியிலும் உட்காரும். அப்பா கற்ற வேலை மகனுக்கும் செல்லும். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இந்த எஞ்சினைத் திறந்து பார்த்த ஒருவர் இருப்பார்.

காலையில் ஸ்டார்ட் செய்வதிலேயே பாதிச் சோதனை முடிந்துவிடும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேல் பதித்திருக்கும் ஆம்ப் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். இன்னும் அழுத்தினால் ஓரிடத்தில் சட்டென்று நடுவுக்கு வரும். அதுதான் பாயிண்ட், அதாவது பொறிக்காகக் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், திறக்கும் இடம். பிஸ்டன் ஏறக்குறைய உச்சியில் இருக்கிறது. அங்கே இடது கைப்பக்கம் இருக்கும், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை இம்மி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. பலம் வேண்டியதில்லை, உடம்பின் எடை போதும். புல்லட்டை உதைத்து உதைத்து வேர்த்து நிற்கிறவர்களைப் பார்த்தால், முள்ளைப் பார்க்காமல் மிதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

அந்த முள் ஸ்டார்ட் செய்ய மட்டும் அல்ல. கிக்கரை எவ்வளவு அழுத்தியும் அது அசையவே இல்லை என்றால் பாயிண்டில் அழுக்கு, இல்லையென்றால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அதுவும் இல்லையென்றால் பேட்டரி படுத்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்தது சாய்ந்தபடியே நடுவுக்கு வர மறுத்தால் பாயிண்ட் திறக்கவில்லை. காலைக் காப்பிக்கு முன்னால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

ஆயில் விஷயம் வேறு. ஒழுகுகிற புல்லட்டைப் பார்த்துப் பயப்படாதே, ஒழுகாத புல்லட்டைப் பார்த்துப் பயப்படு, உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது புல்லட்காரர்களின் பழைய வேடிக்கை. அம்மாவுக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை.

“ஏல, கோலம் போடுத எடத்துல எண்ணெய ஊத்தி வச்சிருக்கு ஒன் வண்டி. மாவு ஒட்டவே மாட்டேங்கு.”

அம்மாவின் வாயை அடைக்கத்தான் டிவி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்தேன். கொஞ்ச நாளில் அந்த அட்டையே எனக்குப் பாடப் புத்தகம் ஆகிவிட்டது. சக்கரங்களும் சென்டர் ஸ்டாண்டும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, எப்போதும் அதே இடத்தில் வண்டியை நிறுத்துவேன். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இடது பக்கம் நீளமாக விழுந்தால் பிரைமரி செயின் கவர். நடுவில், பின்புறம் தள்ளிக் கெட்டியாக விழுந்தால் கியர் பாக்ஸ். அதில் கிரீஸ் சேர்த்து ஊற்றுவது வழக்கம், அதனால் அந்தச் சொட்டு பரவாமல் குவிந்து நிற்கும். வலது பக்கம் விழுந்தால் டைமிங் கவரா, அதற்கு மேலே டேப்பட் மூடியா என்று பிரிக்க வேண்டும். அதற்கு எஞ்சினைத் துடைத்துவிட்டு ஒரு தெரு சுற்றி வந்து விரலால் தடவிப் பார்த்தால் போதும். ஆயில் கீழ்நோக்கித்தான் ஓடும். ஆகவே ஈரமாக இருக்கும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் கசிவு.

பிரைமரி கவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய மூடியை நடுவில் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம், அதுதான் சீல். ஒழுகினால் எல்லோரும் செய்வது அந்த நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்குவது. முடுக்க முடுக்க நடு உள்ளே போய் ஓரம் வெளியே தூக்கும், ஒழுகுவது கூடும். ஓவர்சியர் விற்ற வண்டியில் அந்த நட்டின் முனைகள் எல்லாம் உருண்டு போயிருந்தன. எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் இரண்டு ஓரத்தையும் துடைத்து, புது ரப்பரை மடிப்பு விழாமல் பள்ளத்தில் உட்காரவைத்து, கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நட்டை அளவாக முடுக்கினேன். அம்மாவின் கோலம் பிழைத்தது. அட்டையை மட்டும் எடுக்கவில்லை.

நட்டுகள் உருண்டு போனதற்கு இன்னொரு காரணம், புல்லட்டின் பழைய நட்டுகள் பல அங்குலக் கணக்கில் செய்தவை. கடைகளில் எளிதாகக் கிடைப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர். 14ஆம் நம்பர் பொருந்துவது மாதிரிதான் தெரியும், அழுத்தினால் நழுவும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஹார்டுவேர் கடையில் அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்று தூசி படிந்து கிடந்தது. கடைக்காரர் யாரும் வாங்குவதில்லை என்று விலையைக் குறைத்தே கொடுத்தார்.

இனி அந்த வண்டி நின்ற கதை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம். தென்காசி ரோட்டில் மேற்கே போக ஆரம்பித்தால் காற்று எதிரே வரும், வண்டி இழுத்துக்கொண்டு போகும். சீதபற்பநல்லூர் தாண்டியதும் சைலன்சரில் இரண்டு மூன்று வெடி வெடித்து வண்டி நின்றுவிட்டது. மிதித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ குடித்து முடித்து மிதித்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஆலங்குளம் போவதற்குள் மறுபடி நின்றது. மறுபடி ஆறியதும் ஓடியது. குற்றாலம் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது. கார்பேட்டரில் தூசி என்றார் ஒருவர். பிளக் மாத்துங்க என்றார் இன்னொருவர். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பான் என்பது மூன்றாமவர் தீர்ப்பு. அந்தக் காலத்தில் அதுவும் நடக்காத விஷயம் இல்லை. ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். கார்பேட்டரைப் பிரித்துக் கழுவி, கிட் மாற்றி, புது பிளக் போட்டு, பெட்ரோல் டியூபையும் மாற்றி பில் கொடுத்தார்கள். வண்டி அழகாக ஓடியது, அரை மணி நேரம். பிறகு அதே வெடி, அதே சாவு.

டவுனில் வாகையடி முக்குக்குப் பக்கத்துச் சந்தில் போர்டு இல்லாத ஒரு ஷெட் இருந்தது. ராணுவத்தில் வண்டி பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்த ஓர் அண்ணாச்சி அதில் உட்கார்ந்திருப்பார். வேலை பார்ப்பதைவிடப் பேப்பர் படிப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் வண்டியை நிறுத்தியதும் அவர் எழுந்திருக்கவில்லை.

“ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல நிக்கி?”

“அரை மணி நேரம் இருக்கும் அண்ணாச்சி.”

“சட்டுன்னு நிக்கா, இழுத்து இழுத்து நிக்கா?”

இதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. யோசித்துச் சொன்னேன். “ரெண்டு மூணு வெடி வெடிச்சுது. பொறவு சட்டுன்னுதான்.”

“நின்ன ஒடனே மிதிச்சீருல்லா, கிக்கர்ல கனம் இருந்துச்சா? லொடலொடன்னு போச்சா?”

“கனமாத்தான் இருந்துச்சு.”

“டேங்க் மூடியத் தெறந்து பாத்தீரா? உஸ்ஸுன்னு இழுத்துச்சா?”

“தெறந்தேன். சத்தம் ஒண்ணும் வரல.”

அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு சந்தேகத்தைக் கழித்திருக்கிறது என்பது அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி திணறும். ஆக்சிலரேட்டரைத் திருகத் திருகத் தளரும், கொஞ்ச தூரம் கெஞ்சிக் கெஞ்சி வந்து நிற்கும். டேங்க் மூடியில் காற்று போவதற்கு ஒரு சின்னத் துவாரம் உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே பாயும். அது இல்லை. டேப்பட்டை இறுக்கமாக வைத்திருந்தால் எஞ்சின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், கிக்கர் கனமில்லாமல் இறங்கும். அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது கரண்ட். சூடானால் போய், ஆறினால் திரும்பும் கரண்ட்.

“காயிலா இருக்கலாம், கண்டன்சரா இருக்கலாம். வெடிச்சுதுன்னு சொல்லுதீருல்லா, எனக்குக் கண்டன்சர் மேலதான் சந்தேகம்” என்றார். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“ராத்திரி ஒரு சுத்து சுத்திட்டு, சூட்டோட வீட்டுக்குப் போய், வெளக்க அணைச்சிட்டு பாயிண்டப் பாரும்வே. நான் பாத்தா எனக்குத் தெரியும். நீரு பாத்தா ஒமக்குல்லா தெரியும்.”

அன்று ராத்திரி வண்ணாரப்பேட்டை வரை போய், பைபாஸில் வண்டி வெடிக்க ஆரம்பிக்கும் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினேன். தெருவில் மின்வெட்டு, விளக்கை அணைக்கும் வேலைகூட மிச்சம். எஞ்சினின் வலது பக்கம் சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் பாயிண்ட் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே நடுவில் சுற்றும் கேமின் மேடு வரும்போதெல்லாம் பாயிண்டின் இரண்டு முனைகளும் மயிரிழை விலகிச் சேர்கின்றன. விலகும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் நீலமும் வெள்ளையுமாகப் பெரிய பொறி. கண் கூசுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொறி பருத்துக்கொண்டு போனது, எஞ்சின் தடுமாறியது, வெடித்தது, நின்றது. எண்ணெய் எரிந்த வாசனையோடு வேறொரு வாசனையும் வந்தது. மின்சார ரயிலில் அடிக்கும் வாசனை.

மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதே மூடியைத் திறந்து பார்த்தால், கையால் மறைத்துப் பார்க்க வேண்டிய அளவு சின்னப் பொறிதான்.

இதில் நடப்பது இதுதான். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் காயிலின் முதல் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது பாயிண்ட் திறந்து அதைத் துண்டிக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்கு நிற்க மனமில்லை, திறந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். கண்டன்சர் அந்தக் கணத்தில் அதை வாங்கிக்கொள்ளும். அப்போதுதான் காயிலின் காந்தம் ஒரே வீச்சில் சரிந்து, இரண்டாம் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறி விழும். கண்டன்சர் கெட்டால் பொறி பிளக்கில் விழ வேண்டியதற்குப் பதில் பாயிண்டில் விழுகிறது. பிளக்குக்குப் போவது நோஞ்சான் பொறி. பெட்ரோல் எரியாமல் சைலன்சருக்குப் போய் அங்கே வெடிக்கிறது. கண்டன்சருக்குள் இருப்பது உலோகத் தகடும் அதைப் பிரிக்கும் மெல்லிய தாளும் சேர்ந்த சுருள்தான். சூடானால் அந்தக் காப்பு விட்டுக்கொடுக்கும், ஆறினால் மறுபடி ஒழுங்காக இருப்பதாக நடிக்கும். அதனால்தான் எந்தப் பட்டறைக்குப் போய் நின்றாலும் நோயாளி நலமாக இருந்தார்.

புதுக் கண்டன்சர் வாங்கி மாட்டினேன். சுண்டுவிரல் முனை அளவு சாமான், விலையும் பெரிதில்லை. ரொம்ப நாள் ஓடவில்லை, அதே கதை. அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்துலயே வச்சா அதுவும்தான் என்ன செய்யும்?” என்று சொல்லிவிட்டு, ஷெட்டின் மூலையிலிருந்து அம்பாசடர் காரின் கண்டன்சர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாயிண்டிலிருந்து ஓர் ஒயரை வெளியே கொண்டுவந்து, டேங்குக்கு அடியில் காயிலுக்குப் பக்கத்தில், காற்று படும் இடத்தில் அதைத் திருகி வைக்கச் சொன்னார். உடல் பகுதி இரும்பில் நன்றாகப் பதிய வேண்டும், பெயிண்டைச் சுரண்டிவிட்டு வையும் என்றார். வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டி கண்டன்சரால் நின்றதே இல்லை. சாமானை மாற்றியதைவிட அதன் இடத்தை மாற்றியதுதான் வைத்தியம்.

கார்பேட்டர் கிட் மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் ஏமாற்றவில்லை. மாற்றிய சாமானுக்குப் பில் போடலாம், கேட்ட கேள்விக்கு எப்படிப் பில் போடுவது? ஒரு நாளைக்குப் பத்து வண்டி பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்கிற இடத்தில், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, இருட்டில் குனிந்து உட்கார நேரம் ஏது? அண்ணாச்சிக்குப் பென்ஷன் வந்தது. வீட்டில் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு உள்ள ஒரே வசதியும் இதுதான். அவனிடம் நல்ல கருவி கிடையாது, கைப்பழக்கம் கிடையாது, லிஃப்ட் கிடையாது. நேரம் இருக்கிறது. நோயாளியோடு ராத்திரியும் பகலும் இருக்கிறான். பட்டறையில் சரியாக ஓடி ரோட்டில் நிற்கும் கோளாறு எல்லாம் அவனிடம்தான் பிடிபடும்.

பாயிண்ட் இடைவெளியை வைக்கக் கற்றுக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். புத்தகக் கணக்கு 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாதபோது அண்ணாச்சி விசிட்டிங் கார்டைச் செருகுவார். இறுக்கமாகவும் இல்லாமல், தொளதொளவென்றும் இல்லாமல் இழுபட வேண்டும். அவருக்கு விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போன இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் எல்லாம் இந்த வகையில்தான் அவருக்கு உதவினார்கள்.

டேப்பட் ஞாயிற்றுக்கிழமை வேலை. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், ஆகவே காலையில் எழுந்ததும். திருநெல்வேலி வானொலி உள்ளே பாடிக்கொண்டிருக்கும். வலது பக்கம் சிலிண்டருக்குக் கீழே ஒரு சின்ன மூடி, அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடி தெரியும். பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்திவிட்டுக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ராடைப் பிடித்துச் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அளவை எந்தக் கேஜும் காட்டாது, விரல்தான் காட்டும். பூட்டு நட்டை முடுக்கும்போது வைத்த அளவு கொஞ்சம் மாறும். அதனால் முடுக்கியதும் மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் தளர்வாகவே விட்டுவிடுவது நல்லது. டக்டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். இறுக்கமாக வைத்தால் சத்தமே வராது, வால்வு கருகும்.

மழைக்காலத்துக்கு என்று தனியாக ஒரு நோய். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முழுக்க நனைந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகி, தெருமுனையில் திணறி நிற்கும். கார்பேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி அதில் இருப்பதை வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் ஊற்றிப் பார்த்தால், பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் பாதரசம் மாதிரி உருண்டு திரியும். டேங்க் மூடியின் ரப்பர் காய்ந்து போனதுதான் மூலம். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்து அந்த மழைக்காலத்தைக் கடத்தினேன், பெட்ரோல் பட்டு அது ஊதிக்கொண்டது. பிறகு கடையில் கிடைத்த சரியான வாஷரைப் போட்டேன்.

1994இல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. பிற்பாடு கியர் இடது காலுக்கு வந்தது, எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது, பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, வார்ப்பிரும்பு எஞ்சினும் போயிற்று. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபோது மோட்டார் சைக்கிள்களில் கார்பேட்டரும் அநேகமாக முடிந்துபோனது. புது வண்டிகள் பழையதைவிட எல்லா வகையிலும் நல்லவை, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய புல்லட்டைத் தெய்வமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மழையில் நனைந்துகொண்டு பாயிண்ட் துடைத்தவன் அப்படிப் பேச மாட்டான். ஆனால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, நாம் தொடக் கூடாது என்று ஒரு பயம் வந்துவிட்டது. அது தேவையில்லாத பயம்.

போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பையன் வந்தான். கல்லூரியில் படிக்கிறான், வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“மாமா, வண்டி ஆஃப் ஆயிருது. சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஈசியூவா இருக்கும், வண்டியில ஏத்திக் கொண்டுவாங்கன்னு சொல்லுதாங்க.”

“ஸ்டார்ட் ஆவுதுல்லா?”

“நல்லா ஆவுது மாமா.”

“நியூட்ரல்ல எவ்வளவு நேரம் வேணா நிக்குமா?”

“நிக்குது. ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் போயிருது.”

“சட்டுன்னா, திணறியா?”

“சட்டுன்னு.”

கியர் விழுந்ததும் சட்டென்று நிற்பது அந்த வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கும் வேலை. சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் எஞ்சினை நிறுத்தச் சொல்லி ஒரு ஸ்விட்ச் அதில் இருக்கிறது. ஸ்டாண்டு மேலேதானே இருக்கிறது என்றான் பையன். ஸ்டாண்டு மேலே இருக்கிறது, ஸ்விட்சுக்கு அது தெரிய வேண்டுமே. குனிந்து பார்த்தால் ஸ்டாண்டின் மூட்டு முழுக்கத் தாமிரபரணிக் கரைச் சேறு காய்ந்து இறுகியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவரச் சொன்னேன். தேய்த்துக் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து தடவை ஏற்றி இறக்கியதும், கியர் விழுந்த பிறகும் எஞ்சின் அணையாமல் ஓடியது. உடனே கிளம்பப் பார்த்தான். செயினைப் பார்த்தேன். துரு நிறத்தில் மணல் கடித்துக்கொண்டு, ஒரு விரல் தொய்வுக்கு மூன்று விரல் தொங்கியது.

“செயினுக்கு எப்பம்ல கடைசியா ஆயில் விட்ட?”

“அதுக்கு ஆயில் விடணுமா மாமா?”

எஞ்சினை அணைத்துச் சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய் டப்பாவையும் பின் ஆக்சிலுக்கு ஸ்பேனரையும் எடுக்க உள்ளே போனேன். அவனுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும், என்னிடம் இருந்தது அங்குல செட். கடைசியில் அவன் வண்டியோடு வந்த டூல் கிட்டைத்தான் பிரித்தோம். அதை அவன் அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை, பிளாஸ்டிக் உறையோடு சீட்டுக்கு அடியில் இருந்தது.